கன்ஃபோகல்ல படம் நல்லா வரணும்னா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்து காலேஜ்கள்ல இருந்து நான் பாத்துக்கற கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்புல ஸ்லாட் (மெஷின் நேரம்) போட்டுட்டு வர்ற பசங்க, புள்ளைங்க கேக்குற கேள்வியெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரே இடத்துல எழுதி வெச்சா எனக்குத் தொண்டைத் தண்ணி மிச்சம், உங்களுக்கு ஸ்லாட் காசு மிச்சம். பாதிப் பேரு நெல்லு வேரோட வர்றீங்க, கொஞ்சப் பேரு வாழை, மிச்சப் பேரு பாக்டீரியா, செல் லைன், அதனால உதாரணமும் அதுலேருந்துதான் இருக்கும். மெஷின் எந்தக் கம்பெனியா இருந்தாலும் இது பொருந்தும், பட்டன் பேரு மட்டும் மாறும்.

கே: அக்கா, என் வேலைக்கு கன்ஃபோகல் நெஜமாவே வேணுமா?

வர்றவங்கள்ல நெறைய பேருக்கு வேணாம். ஸ்லைடுல பரப்பின பாக்டீரியா, ஒத்தை அடுக்கா வளந்த செல்லு, 5 மைக்ரான் மைக்ரோடோம் செக்ஷன், இதுக்கெல்லாம் சாதா ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பே போதும், இன்னும் சொல்லப்போனா அதுல வெளிச்சம் வீணாகாம கேமராவுக்குப் போயிடறதால மங்கலான சாம்பிள் அதுலதான் நல்லாத் தெரியும். கன்ஃபோகல் தடிமனான சாம்பிளுக்கு. தடிமனானதை சாதா மைக்ராஸ்கோப்புல வெச்சா மேல கீழ எல்லா அடுக்குலேருந்தும் வெளிச்சம் கெளம்பி வந்து ஃபோகஸ்ல இருக்கறதையும் மூடிடும். கன்ஃபோகல்ல லேசரை ஒரு புள்ளியில குவிச்சு, அந்தப் புள்ளியிலேருந்து திரும்பி வர்றதை மட்டும் பின்ஹோல்ங்கற சின்ன ஓட்டை வழியா டிடெக்டருக்கு விட்டு, புள்ளி புள்ளியா ஸ்கேன் பண்ணி படம் கட்டுறோம். இந்த ஐடியாவுக்கு மார்வின் மின்ஸ்கி 1957லயே பேட்டன்ட் போட்டு 1961ல வாங்கிட்டாரு, ஆனா சரியான லேசரும் கம்ப்யூட்டரும் கூட வர்றதுக்கு 1980கள் வரைக்கும் ஆச்சு.

உங்க கைடு "ரிவ்யூவர் கன்ஃபோகல் கேட்டாரு"ன்னு சொல்லி அனுப்பியிருந்தா அது வேற கதை, வாங்க பாத்துக்கலாம்.

கே: பின்ஹோல் எவ்வளவு தொறக்கணும்?

1 ஏய்ரி யூனிட், அதாவது ஒரு புள்ளி வெளிச்சம் லென்ஸ் வழியா வந்து விழுற சின்ன வட்டத்தோட அகலம். சாஃப்ட்வேர்ல அதுக்குன்னு ஒரு பட்டனே இருக்கும், அமுக்கிட்டு அடுத்த வேலையப் பாருங்க. இது வயலுக்குத் தொறக்குற மடை மாதிரி, கூடத் தொறந்தா தண்ணியும் கூட வரும், கூடவே சேறும் சேந்து வரும். சாம்பிள் ரொம்ப மங்கலா இருந்து வேற வழியே இல்லன்னா 1.5, 2 வரைக்கும் போகலாம், அப்போ அடுக்கு தடிமனாயிடும்னு தெரிஞ்சு போகணும். 1க்குக் கீழ எறக்குனா கூர்மை கொஞ்சூண்டுதான் கூடும், வெளிச்சம் படு வேகமா கொறையும். நம்ம சாம்பிளுக்கு அது கட்டுப்படியாகாது.

கே: கெயினை முழுசா ஏத்திட்டேன், அப்பவும் படம் பொரிப்பொரியா இருக்கே, மெஷின்ல ஏதும் கோளாறா?

மெஷின் நல்லாத்தான் இருக்கு. அதிகமா வர்ற கேள்வி இதுதாங்கறதால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

கெயின்ங்கறது டிடெக்டருக்குள்ள வந்த சிக்னலைப் பெருக்குற வேலை, அவ்வளவுதான். வராத வெளிச்சத்தை அது எங்கேருந்து கொண்டாரும்? ஒரு பிக்சலுக்கு 10 ஃபோட்டான் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, ஃபோட்டான் வர்றதுலயே இயற்கையா ஒரு ஏத்த எறக்கம் உண்டு, அது அந்த எண்ணோட வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், அதாவது 10க்கு 3 கூடவோ கொறையவோ. மூணுல ஒரு பங்கு ஆட்டம். அதையே 100 ஃபோட்டான் ஆக்குனா ஆட்டம் 10தான், பத்துல ஒரு பங்கு. கெயினை ஏத்துனா 10ம் பெருகும், கூடவே அந்த 3ம் பெருகும். பொரி பெருசாத் தெரியறது அதனாலதான்.

அப்போ ஃபோட்டான் எண்ணிக்கைய எப்படிக் கூட்டறது? என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமா வெளிச்சத்தை வாங்குதுங்கற எண்) அதிகமான அப்ஜெக்டிவ், அதாவது சாம்பிள் பக்கத்து லென்ஸ், போடுங்க, 40எக்ஸ் 0.75ஐ விட 40எக்ஸ் 1.3 எவ்வளவோ மேல். ஸ்கேன் ஸ்பீடைக் கொறைங்க, லேசர் ஒவ்வொரு புள்ளியிலயும் கூட நேரம் நிக்கும். லைன் ஆவரேஜ் 4 போடுங்க, ஒரே வரியை நாலு தடவை ஸ்கேன் பண்ணி சராசரி எடுக்கும், ஆட்டம் பாதியாக் கொறையும், 16 போட்டா கால்வாசி, அதுக்கு மேல போனா நேரம்தான் போகுது பெருசா லாபமில்ல. எமிஷன் ஜன்னல் (சாயம் ஒளிர்றதுல டிடெக்டருக்குள்ள விடுற அலைநீள வரம்பு) ரொம்பக் குறுகலா இருந்தா அகலப்படுத்துங்க. கடைசியாத்தான் லேசர் பவர், அதுவும் 1%லேருந்து கொஞ்சம் கொஞ்சமா.

கெயினைப் பொறுத்தவரை, வழக்கமான பிஎம்டி டிடெக்டர்னா 600லேருந்து 750 வோல்ட் வாக்குல வெச்சுட்டு அதை மறந்துட்டு மத்ததை மாத்திப் பாருங்க. இவ்வளவும் பண்ணி 900 தாண்டினாத்தான் தெரியுதுன்னா சாம்பிள்ல சாயமே சரியா ஏறல. திரும்பப் போய் ஸ்டெயின் பண்ணணும், மெஷின் முன்னாடி ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் அது ஏறப்போறதில்ல.

கே: படம் பளிச்சுன்னுதான் இருக்கு, ஆனா அக்கா "சாச்சுரேட் ஆயிடுச்சு, மறுபடி எடு"ங்கறீங்களே?

ரேஞ்ச் இண்டிகேட்டர்னு ஒரு கலர் டேபிள் இருக்கும், போட்டுப் பாருங்க. சாச்சுரேட் ஆன, அதாவது அளவோட உச்சியில போய் முட்டிக்கிட்ட பிக்சல் சிவப்பாவும் சுத்தமா பூஜ்யமானது நீலமாவும் தெரியும், சில மெஷின்ல கலர் வேற. சிவப்பு அங்கங்க ரெண்டொரு புள்ளி இருந்தாப் பரவால்ல, நியூக்ளியஸ் முழுக்க சிவப்புன்னா அதுக்குள்ள என்ன இருந்துச்சுங்கற தகவலே போயிடுச்சு, அப்புறம் எந்த சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது. ஆஃப்செட்டும் (பின்னணியோட அடிமட்டத்தை ஏத்தி எறக்கற திருகு) அப்படியே, பின்னணி கன்னங்கரேர்னு இருக்கட்டும்னு எறக்கிட்டே போனீங்கன்னா மங்கலான சிக்னலும் சேந்து காணாமப் போகும். பின்னணி பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல நிக்கணும். எடுக்கும்போது 8 பிட்டுக்குப் பதிலா 12 இல்ல 16 பிட் வெச்சுக்கங்க. 8 பிட்டுன்னா 256 படி, 12 பிட்டுன்னா 4096.

கே: கவர்ஸ்லிப்ல என்ன இருக்கு, எல்லாம் கண்ணாடிதானே?

இதுலதான் பாதி படம் கெட்டுப்போகுது. அப்ஜெக்டிவை வெளிய எடுத்து உடம்புல பொறிச்சிருக்கறதைப் படிங்க, 0.17னு ஒரு எண் இருக்கும். 0.17 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடி நடுவுல இருக்குன்னு கணக்குப் போட்டுத்தான் அந்த லென்ஸைச் செஞ்சிருக்காங்க. அதுக்குப் பொருந்தறது நம்பர் 1.5 கவர்ஸ்லிப், 0.16லேருந்து 0.19 வரைக்கும் இருக்கும், இன்னும் துல்லியமா வேணும்னா 1.5 ஹெச்னு ஒண்ணு இருக்கு. காலேஜ் லேப்புக்கு கடையில மொத்தமா வாங்கற டப்பா பெரும்பாலும் நம்பர் 1, 0.13லேருந்து 0.16. டப்பா மேல நம்பரே போடலன்னா அதை பிராக்டிகல் கிளாஸுக்கு வெச்சுட்டு கன்ஃபோகலுக்கு 1.5 தனியா வாங்குங்க, விலை ஒண்ணும் ஆளை முழுங்காது. தடிமன் தப்பானா ரொம்ப அடிவாங்கறது ஆயில் இல்லாத பெரிய என்.ஏ. லென்ஸ், 40எக்ஸ் 0.95 மாதிரி. அதுல கரெக்ஷன் காலர்னு ஒரு வளையம் இருக்கும், படத்தைப் பாத்துக்கிட்டே அதைத் திருப்புனா ஒரு இடத்துல விளிம்பெல்லாம் டக்குன்னு கூர்மையாகும், அங்க நிறுத்திடுங்க.

சாம்பிள் கவர்ஸ்லிப்போட ஒட்டி இருக்கணும். ஸ்லைடுல செக்ஷனை வெச்சு ரெண்டு சொட்டு மவுண்டிங் மீடியத்தைத் தாராளமா ஊத்தி மேல கவர்ஸ்லிப்பை மெதக்க விட்டா, சாம்பிள் எங்கயோ கீழ கெடக்கும். 63எக்ஸ் ஆயில் லென்ஸுக்கு எட்டற தூரமே 0.1, 0.2 மில்லிமீட்டர் வாக்குலதான், ஃபோகஸ் கிட்டாம லென்ஸ் போய் கண்ணாடியில முட்டும்.

இன்னொண்ணு, நம்ம ஊருக்குன்னே உள்ளது. ஃப்ரிட்ஜுல 4 டிகிரியில வெச்சிருந்த ஸ்லைடை ஐப்பசி கார்த்திகையில வெளிய எடுத்தா ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி மேல வேர்த்து முத்து முத்தாத் தண்ணி நிக்கும், அது மேலயே ஆயிலை விட்டா ரெண்டும் கலந்து வெள்ளையாக் கலங்கிப்போய் படம் முழுக்க புகை மூட்டந்தான். டப்பாவை மூடினபடியே அரை மணி நேரம் ரூம்ல வெச்சு, அப்புறமாத் தொறந்து, லென்ஸ் பேப்பரால ஒத்தி எடுத்துட்டு ஏத்துங்க. எல்லா ஊர் புஸ்தகத்துலயும் இது இருக்காது.

கே: ஆயில் லென்ஸ், வாட்டர் லென்ஸ், எது போடணும்?

சாம்பிள் எதுல மூழ்கிக் கெடக்குன்னு பாருங்க. தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, கிளிசரால் 1.47, ஆயிலும் கண்ணாடியும் 1.515 வாக்குல. உயிரோட இருக்கற நாத்து வேர் தண்ணியிலதான் இருக்கும், அதுக்கு ஆயில் லென்ஸ் போட்டா மேல் 10 மைக்ரான் வரைக்கும் அழகா வரும், உள்ள போகப் போக மங்கி இழுத்துக்கும். இசட் அளவும், அதாவது ஆழத்தோட அளவும், பொய்யாகும். ஸ்டேஜ் 10 மைக்ரான் நகந்தா ஃபோகஸ் உள்ள 9 மைக்ரானுக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் நகரும், ஆனா சாஃப்ட்வேர் 10னு எழுதிக்கும், அதனால உருண்டையான செல்லு நெட்டுக்குத்தா நீண்டு தெரியும். ஆழமாப் பாக்கணும்னா வாட்டர் லென்ஸ். ஃபிக்ஸ் பண்ணி கெட்டியாகற மீடியத்துல மவுண்ட் பண்ணதுன்னா ஆயில். அந்த கெட்டியாகற மீடியத்தை ராத்திரி முழுக்க காயவிடணும், காலையில மவுண்ட் பண்ணிட்டு பத்து மணி பஸ்ஸுல கொண்டாந்தா கவர்ஸ்லிப் வழுக்கி ஓடும்.

கே: நெல்லு வேர் எடுத்துட்டு வந்தேன், எல்லா கலர் சேனல்லயும் எரியுது, எது என் சிக்னல்னே தெரியல.

நெல்லு வேர் அப்படித்தான். புல்லு வகைச் செடிங்களோட செல் சுவர்ல ஃபெருலிக் ஆசிட் இருக்கும், 405 நேனோமீட்டர் லேசர் பட்டா நீலமா ஒளிரும். லிக்னின் நீலத்துலேருந்து பச்சை வரைக்கும் பரவும். இலைன்னா குளோரோஃபில் 680 நேனோமீட்டர்கிட்ட சிவப்புல கொட்டும். இதெல்லாம் சாயமே போடாம தானா வர்றது, ஆட்டோஃப்ளோரசன்ஸ். குறைக்கலாம், ஒரேயடியா ஒழிக்க முடியாது.

முதல்ல வேர் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பேன். ஏடிடி 43ஓ, சி.ஆர். 1009ஓ, எந்த ரகமானாலும் வயல்ல நின்ன பயிரைப் புடுங்கிட்டு வந்திருந்தா வேர் மேல செம்பழுப்பா துருப்பிடிச்ச கணக்கா ஒரு படலம் இருக்கும். தண்ணி கட்டுன மண்ணுல கரைஞ்சிருக்கற இரும்பு, வேர் வெளிய விடுற ஆக்சிஜனைத் தொட்டதும் அப்படிப் படியுது. அது வெளிச்சத்தை உறிஞ்சும், சிதறடிக்கும், சாயத்தை உள்ள விடாது. கழுவி எடுக்க டைதயோனைட் சிட்ரேட் கரைசல் இருக்கு, ஆனா அது உங்க மத்த ஸ்டெயினை என்ன பண்ணும்னு தனியாப் பாக்கணும். என் யோசனை, கேள்வி வயலைப் பத்தினதா இல்லன்னா விதையை அகார்லயோ சத்துக் கரைசல்லயோ முளைக்கப் போட்டு அஞ்சாறு நாள் வேரை எடுங்க. வயல் வேர்தான் வேணும்னா வெள்ளையா இருக்கற இளம் நுனிப் பகுதியா பாத்து எடுங்க.

அடுத்தது காத்து. நெல்லு வேருக்குள்ள காத்து போக்குவரத்துக்குன்னு பெரிய பெரிய குழி இருக்கு, ஏரென்கைமா. தண்ணிக்கு நடுவுல காத்துக் குழி இருந்தா லேசர் அங்கேயே சிதறிடும், பின்னாடி இருக்கறது எதுவும் தெரியாது. 10 மில்லி சிரிஞ்சு ஒண்ணு எடுங்க, ஊசி வேணாம். வேர்த்துண்டை உள்ள போட்டு 5 மில்லி பஃபர் இழுத்து, நிமித்திப் புடிச்சு மேல இருக்கற காத்தைத் தள்ளிட்டு, நுனிய விரலால அடைச்சுக்கிட்டு பிஸ்டனைப் பின்னாடி இழுங்க. வேருலேருந்து பொடிப்பொடியா குமிழி கெளம்பும். கொஞ்ச நேரம் இழுத்துப் புடிச்சு மெதுவா விடுங்க, நாலஞ்சு தடவை செஞ்சா மெதந்துக்கிட்டு இருந்த வேர் அடியில போய்ப் படுத்துக்கும். அதுதான் கணக்கு, வேர் மூழ்கிடுச்சுன்னா காத்து போயிடுச்சு. இலைக்கும் இதே வேலைதான்.

முழு வேரை அப்படியே வைக்கறதை விட 4% அகரோஸ்ல பதிச்சு வைப்ரடோம்ல (அதிர்ற பிளேடால சீவற மெஷின்) 60லேருந்து 100 மைக்ரான் வெட்டுனா நல்லது. வைப்ரடோம் இல்லன்னா காரட்டுல கீறி நடுவுல வேரைச் சொருகி புது பிளேடால கையால சீவுங்க, பழைய பாட்டனி லேப் வித்தை, இன்னிக்கும் நல்லாவே வேலை செய்யும். கிளியரிங்கும் பண்ணலாம், அதாவது சாம்பிளைக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய வைக்கறது: கிளியர்சீன்னு 2015ல வந்த கரைசல், 10% சைலிட்டால், 15% சோடியம் டீஆக்சிகோலேட், 25% யூரியா, அவ்வளவுதான் சரக்கு. குளோரோஃபில்லை எடுத்துடும், ஜீன் வழியா செடிக்குள்ள ஏத்தற பச்சை ஒளிர் புரோட்டீன் ஜிஎஃப்பியைக் கெடுக்காது. சில நாள் பொறுமையா ஊறவிடணும், நாளைக்கு ஸ்லாட்டுன்னு இன்னிக்கு ராத்திரி ஊறப்போடாதீங்க.

ஃபிக்ஸ் பண்றதுக்கு 4% பாராஃபார்மால்டிஹைடு போதும். குளுட்டரால்டிஹைடு போட்டா சாம்பிள் தானாவே பச்சையா ஒளிர ஆரம்பிச்சுடும், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு ஃபிக்ஸ் பண்ணதையே இங்கயும் கொண்டாராதீங்க.

கே: பச்சையா தெரியறது ஜிஎஃப்பிதான்னு எப்படி நம்பறது?

ஜீன் போடாத அதே வயசு செடி, அதே மாதிரி ஃபிக்ஸ் பண்ணது, ஒண்ணு கூடவே கொண்டு வாங்க. அது இல்லாம வந்தா ஸ்லாட்டே தரக்கூடாதுங்கறது என் கட்சி. முதல்ல ஜிஎஃப்பி செடியில செட்டிங் வெச்சுட்டு, எதையும் தொடாம சாதா செடியை வெச்சுப் பாருங்க. அதுலயும் அதே எடத்துல அதே அளவு பச்சை வந்தா, அடுத்த செமினார்ல வாயைத் தொறக்காம இருக்கறது நல்லது.

இன்னும் சந்தேகம்னா லாம்டா ஸ்கேன். 488ல எழுப்பிவிட்டு 500லேருந்து 700 வரைக்கும் துண்டு துண்டா எமிஷன் எடுத்தா, ஜிஎஃப்பி 510கிட்ட செங்குத்தா ஏறி எறங்கும், ஆட்டோஃப்ளோரசன்ஸ் அகலமா மேடு தட்டிக் கெடக்கும். பாத்தாலே தெரிஞ்சிடும். ஜிஎஃப்பி அமிலத்துல மங்கிடும், பிஹெச் 6கிட்ட வந்தாலே பாதி போச்சு, அதனால மவுண்டிங் மீடியம் 7.5, 8ல இருக்கட்டும். ஆல்கஹால்ல வரிசையா நீரகற்றி பாரஃபின்ல பதிச்சாலும் பெரும்பாலும் காலி.

ஆன்டிபாடி போட்டவங்களுக்கு: முதல் ஆன்டிபாடி போடாம ரெண்டாவது மட்டும் போட்டது ஒண்ணு, எதுவுமே போடாதது ஒண்ணு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கக் கூடவே கொண்டு வாங்க.

கே: பச்சை சேனல்லயும் நியூக்ளியஸ் தெரியுது, புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள போயிடுச்சுன்னு எழுதலாமா?

அவசரப்படாதீங்க. நியூக்ளியஸுக்குப் போடற நீலச் சாயம் டாப்பியோட எமிஷன் ரொம்ப அகலம், 460ல உச்சம்னாலும் வால் பச்சை வரைக்கும் நீளும். 405, 488 ரெண்டு லேசரையும் ஒண்ணாப் போட்டு எடுத்தா டாப்பி பச்சை டிடெக்டர்லயும் போய் விழும். சீக்வென்ஷியல் ஸ்கேன் போடுங்க, ஒரு லேசர் முடிஞ்சு அடுத்தது. 488 டாப்பியை எழுப்பாது, அதனால பச்சைத் தடத்துல நியூக்ளியஸ் மறைஞ்சா அது கசிவு, அப்பவும் நின்னா மேல யோசிக்கலாம். டாப்பி மட்டும் போட்ட சாம்பிள், பச்சை மட்டும் போட்ட சாம்பிள் ரெண்டும் இருந்தா அஞ்சு நிமிஷத்துல வழக்கு தீந்துடும். கண்ணால பாக்கறப்ப யூவி வெளிச்சத்தை ரொம்ப நேரம் தொறந்து வெச்சா டாப்பியே கொஞ்சம் கொஞ்சமா பச்சையா ஒளிர ஆரம்பிக்கும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

கே: ஸ்டெயினே போடாத எடத்துல நூல் நூலா, புள்ளி புள்ளியா நீலம், பச்சை. என்னது அது?

நூல் உங்க வேட்டி, லேப் கோட்டுலேருந்து வந்தது. வாஷிங் பவுடர்ல வெண்மைக்குச் சேக்கற சரக்கு யூவி, 405க்கு நீலமா ஒளிரும், டாப்பி சேனல்ல ஒரு பஞ்சுத் துணுக்கு போதும். கர்ச்சீஃபால ஸ்லைடு தொடைக்கறதை விடுங்க. பச்சைப் புள்ளி சமையல் மஞ்சளா இருக்கவும் வாய்ப்பு உண்டு, நெஜமாத்தான் சொல்றேன், மஞ்சள்ல இருக்கற குர்க்குமின் நல்லாவே ஒளிரும். பொங்கல் முடிஞ்ச வாரம் கிளவுஸ் போடாத கையோட கவர்ஸ்லிப்பைத் தொட்டு வர்றவங்க சாம்பிள்ல இதைப் பாக்கலாம். கவர்ஸ்லிப்பை ஆல்கஹால்ல கழுவி, பஞ்சு விடாத பேப்பர்ல வெச்சு காயவிடுங்க.

லேசரை ரொம்ப ஏத்தினா தண்ணியிலேருந்தே லேசா ஒரு பின்னணி வரும், 488 போட்டா 585 நேனோமீட்டர்கிட்ட. அது ராமன் சிதறல், நம்ம திருவானைக்காவல்ல 1888ல பொறந்த சி.வி. ராமன் கண்டுபிடிச்சதேதான். ஆரஞ்சு சேனல்ல சிக்னல் ரொம்ப மங்கலா இருக்கறவங்க மட்டும் கவலைப்பட்டாப் போதும்.

கே: 4096க்கு 4096ல எடுத்தா படம் இன்னும் தெளிவா வருமா?

ஃபைல் பெருசாகும், சாம்பிள்ல சாயம் வெளுத்து ப்ளீச் ஆகும். லென்ஸால பிரிச்சுக் காட்ட முடிஞ்சது எவ்வளவோ அவ்வளவுதான். 0.61ஐ அலைநீளத்தால பெருக்கி என்.ஏ.வால வகுங்க: 520 நேனோமீட்டர், 1.4 என்.ஏ.ன்னா 227 நேனோமீட்டர். பிக்சல் அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மி, 80லேருந்து 100 நேனோமீட்டர் இருந்தாப் போதும். 63எக்ஸ்ல பார்வை அகலம் 200 மைக்ரான் வாக்குல இருந்து 1024 பிக்சல் வெச்சா பிக்சல் 195 நேனோமீட்டர், ஜூம் 2 போட்டா 98, சரியாப் போச்சு. ஜூம் 6, 8னு போறதெல்லாம் வெத்துப் பெருசு, அதே லேசர் சின்ன எடத்துல விழுந்து சாயத்தைத்தான் எரிக்கும். 20எக்ஸ் 0.8ன்னா 170 வாக்குல போதும். கணக்கு புடிக்கலன்னா நைக்விஸ்ட், இல்ல ஆப்டிமல்னு ஒரு பட்டன் இருக்கும்.

கே: இசட் ஸ்டாக்குக்கு (ஆழம் மாத்தி மாத்தி எடுக்கற பட அடுக்கு) எத்தனை ஸ்லைஸ்?

எண்ணிக்கைய விடுங்க, இடைவெளிதான் முக்கியம். ஒரு ஸ்லைஸோட தடிமன்ல பாதி. 63எக்ஸ் 1.4க்கு 0.3, 0.35 மைக்ரான், 20எக்ஸ் 0.8க்கு 1 மைக்ரான். ஒரே ஸ்லைஸ்ல சொல்ல முடியற விஷயத்துக்கு ஸ்டாக் எடுக்காதீங்க. எல்லா ஸ்லைஸையும் ஒண்ணா அமுக்கின மேக்ஸ் புரொஜெக்ஷனைக் காட்டி "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு"ன்னு சொல்லவும் முடியாது, மேல இருக்கற பச்சையும் 20 மைக்ரான் கீழ இருக்கற சிவப்பும் புரொஜெக்ஷன்ல மஞ்சளாத்தான் தெரியும்.

கே: ரஸ்தாளி வாடல் நோய், வேருக்குள்ள பூஞ்சாணம் போறதைக் காட்டணும். என்ன ஸ்டெயின்?

அந்த நோயைக் கொண்டாற பூஞ்சாணம் ஃபுசேரியம்ல ஜிஎஃப்பி போட்ட ஸ்ட்ரெயின் கெடச்சா அதுதான் சுலபம். இல்லன்னா வீட் ஜெர்ம் அக்லூட்டினின்ங்கற லெக்டின் (சர்க்கரையில ஒட்டற புரோட்டீன்), அலெக்ஸா 488ங்கற பச்சைச் சாயம் ஒட்டினது, அது பூஞ்சாணச் சுவர்ல இருக்கற கைட்டினைப் புடிக்கும், செடியில கைட்டின் கெடையாது. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல வேரை வேகவெச்சு மெதுவாக்கி, பிபிஎஸ் பஃபர்ல மூணு நாலு தடவை கழுவி காரத்தை முழுக்க எடுத்துட்டு அப்புறம் ஸ்டெயின். காரம் மிச்சம் இருந்தா லெக்டின் ஒட்டாது, சுவரும் கூடுதலா ஒளிரும். செடியோட செல் சுவருக்கு புரோபிடியம் அயோடைடு சிவப்புல. காரத்துல வேகவைக்காம உயிரோட இருக்கற வேர்ல அது சுவரோட நின்னுடும், செத்த செல்லுன்னா உள்ள போய் நியூக்ளியஸைப் புடிக்கும், அதனால எது செத்துதுங்கற தகவலும் இனாமாக் கெடைக்கும். டிஎன்ஏவுல ஒட்டற சாயம், கிளவுஸ் கட்டாயம். மண்ணுல வளந்த வேர்ல வேற பூஞ்சாணமும் இருக்கும், அதையும் லெக்டின் பாகுபாடு பாக்காமப் புடிக்கும், நோய் ஏத்தாத வேர் கண்ட்ரோல் இல்லாம இந்தப் படத்துக்கு மதிப்பே இல்ல.

கே: பழகிக்க காசில்லாத சாம்பிள் ஏதாச்சும் இருக்கா?

தாராளமா. செம்பருத்தி மகரந்தம், சாயமே வேணாம், 488க்கு முள்ளு முள்ளா அழகா ஒளிரும், இசட் ஸ்டாக் பழக அதைவிட நல்ல சாம்பிள் இல்ல. இன்னொண்ணு அசோலா. நடவு வயல்ல தண்ணி மேல பச்சை செவப்பாப் பரவிக் கெடக்குமே, ஒரு கிண்ணம் அள்ளிட்டு வாங்க. ஒரு இலையைப் பிச்சு ஒரு சொட்டுத் தண்ணியில வெச்சு கவர்ஸ்லிப்பால லேசா நசுக்குங்க, இலைக்குள்ள குழியில குடியிருக்கற நீலப்பச்சைப் பாசி மணிமாலையா வெளிய வரும். 561 லேசர், 600லேருந்து 660 எமிஷன் வெச்சா மணி மணியா செவப்பா எரியும், நடுநடுவுல ஒரு மணி மட்டும் மங்கி நிக்கும். அதுதான் ஹெட்டிரோசிஸ்ட், காத்துல இருக்கற நைட்ரஜனைப் புடிக்கற செல்லு, மத்த செல்லுல இருக்கற ஒளி நிறமி அதுல கொறைவு. பின்ஹோல், கெயின், ஆவரேஜ் எல்லாத்தையும் இதுலயே திருகிப் பாத்து பழகிட்டு, ஆறு மாசம் வளத்த சாம்பிளை அப்புறமா வைங்க.

கே: ரெண்டு ட்ரீட்மென்ட்டை ஒப்பிட்டு எது பிரகாசம்னு சொல்லணும்.

எல்லா சாம்பிளையும் ஒரே நாள், ஒரே செட்டிங். லேசர், கெயின், ஆஃப்செட், பின்ஹோல், ஜூம், ஸ்பீடு எதுவும் மாறக்கூடாது. இருக்கறதுலயே பிரகாசமான சாம்பிளை வெச்சு அது சாச்சுரேட் ஆகாத மாதிரி செட் பண்ணிட்டுத்தான் மத்தது. லேசர் போட்டு அரை மணி நேரம் சூடேறட்டும். ஆட்டோ எக்ஸ்போஷரைத் தொட்டா கதை முடிஞ்சுது. எந்த எடத்தைப் படம் எடுக்கறதுன்னு டாப்பி சேனலைப் பாத்து முடிவு பண்ணுங்க, பச்சையைப் பாத்துத் தேடினா நல்லா எரியற எடமாவே கண்ணு போகும், கண்ட்ரோல்ல மட்டும் மங்கலா இருக்கறதா தேடும், மனுசப் புத்தி அப்படி.

கே: நடுவுல கரண்ட்டு போனா?

மெஷின் யூபிஎஸ்ல இருக்கும், ஏசி இருக்காது. படம் ஓடிட்டு இருந்தா சேவ் பண்ணிட்டு ஒழுங்கா லேசரை ஆஃப் பண்ணி, ஃபேன் ஓடி ஆறட்டும். மெர்குரி விளக்கு வெச்ச மெஷின்னா அணைஞ்ச உடனே திரும்பப் போடாதீங்க, அரை மணி ஆறணும், எல்இடின்னா பிரச்சினையில்ல. ஏசி நின்னு ரூம் சூடேறினா ஃபோகஸ் நகரும், டைம்லேப்ஸ் ஓட்டறவங்க மழைக்காலத்துல கரண்ட்டு நிலவரம் விசாரிச்சுட்டு ஸ்லாட் போடுங்க.

கே: படத்தை வாட்ஸப்புல அனுப்பிடுங்களேன்?

கைடு கிட்ட காட்ட மட்டும். ஜேபெக் ஆனதும் எண்ணெல்லாம் மாறிடும், அதுல அளந்தா செல்லாது. மெஷினோட சொந்த ஃபார்மட்லயே ஹார்டு டிஸ்க்ல எடுத்துட்டுப் போங்க, லேசர் எவ்வளவு, பிக்சல் எவ்வளவுன்னு எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கும். வீட்டுல ஃபிஜிங்கற படம் அளக்கற சாஃப்ட்வேர் போட்டுக்கங்க, இலவசம், பெரும்பாலான கம்பெனி ஃபைலும் தொறக்கும். ப்ரைட்னஸ் மாத்தினா எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு. ஸ்கேல் பார் போடுங்க. பச்சை சிவப்பு ஜோடிக்குப் பதிலா பச்சை மெஜென்டா போட்டா நிறக்குருடு உள்ளவங்களுக்கும் தெரியும்.

கே: ஆயிலை யாரு தொடைக்கறது?

போட்டவங்கதான். காஞ்ச லென்ஸ் பேப்பரை ஒரு தடவை லென்ஸ் மேல வெச்சு ஒரே பக்கமா இழுங்க, தேய்க்காதீங்க, புதுப் பேப்பர் எடுத்து மறுபடி, ஆயில் கறை வராத வரைக்கும். சால்வென்ட்டை நீங்களாத் தொட வேணாம், என்னைக் கூப்பிடுங்க. ஆயில் ஸ்லைடை வெச்சுக்கிட்டே 40எக்ஸ் டிரை லென்ஸைத் திருப்பிட்டீங்கன்னாலும் உடனே சொல்லுங்க, திட்ட மாட்டேன், காஞ்சுபோய் நாலு நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சாத்தான் திட்டுவேன். கார்த்திகை மார்கழி ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சாணம் புடிக்கும், கைரேகையும் ஆயில் மிச்சமும் அதுக்குச் சாப்பாடு. போகும்போது டீஹியூமிடிஃபையர் தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டு, கவரைப் போட்டு மூடிட்டு, லாக் புக்ல எழுதிட்டுப் போங்க.